டாக்டர் கிருபை அம்மாளும் என் கல்லீரலும்

போன செவ்வாய்க்கிழமை காலையில் போடியிலிருந்து ஒரு ஜவுளிக்கடைக்காரர் என் அச்சாபீசுக்கு வந்தார். மடித்து வைத்திருந்த ஒரு தாளை மேஜையில் வைத்து, "கறுப்புக் கட்டம் போட்டு நூத்தம்பது வேணும். மத்தியானத்துக்குள்ள முடியுமா?" என்று கேட்டார். சின்னமனூரில் இருபது வருஷமாக அச்சாபீஸ் நடத்துகிறேன். சாவுச் செய்தி எனக்கு எப்போதும் அவசர வேலையாகத்தான் வரும். செத்தவர் யார் என்று பார்ப்பதற்கு முன்பே எத்தனை வரி, எந்த எழுத்து என்றுதான் கண் போகும். அன்றும் வரிகளைத்தான் முதலில் எண்ணினேன். எட்டு வரி. எண்ணி முடித்த பிறகே மூன்றாவது வரியில் இருந்த பெயரைப் படித்தேன். டாக்டர் கிருபை அம்மாள், எல்.எம்.பி.

வந்தவர் அவருடைய தம்பி. "நேத்துச் சாயந்தரம் காப்பி குடிச்சுட்டு உக்காந்திருந்தாக. அப்படியே போயிட்டாக" என்றார். போடியிலேயே அச்சாபீஸ் இருக்கும்போது இவ்வளவு தூரம் ஏன் வந்தீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார். "எனக்கு எது அடிச்சாலும் சின்னமனூர்ல அவருகிட்டதான் அடிக்கணும்னு அக்கா சொல்லி வச்சிருந்தாக." கம்பாசிட்டரை நகரச் சொல்லிவிட்டு அந்த எட்டு வரியையும் நானே கோத்தேன்.

இந்தப் பள்ளத்தாக்கில் அவரை அறிந்த பலருக்கு அவர் பிரசவ டாக்டர். கம்பத்திலிருந்து தேனி வரைக்கும் எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் அவர் கையில் விழுந்தவை. நான் சொல்லப் போவது அவர் கையில் வந்து விழுந்த முப்பத்தெட்டு வயசு ஆம்பிளை ஒருவனைப் பற்றி. அவன் நான்தான். பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. இப்போது வெட்கப்படாமல் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

அந்தக் காலத்தில் நான் குடித்தேன். ஏதோ கொஞ்சம் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். கள்ளுக்கடை மறியல்காரர்களுக்குத் துண்டு நோட்டீஸ் அடித்துக் கொடுத்துவிட்டு, அதன் மை காய்வதற்குள் பின்வாசல் வழியாகச் சாராயக் கடைக்குப் போன யோக்கியன் நான். மேகமலை எஸ்டேட்டுகளுக்குக் கூலியாள் வருகை குறிக்கிற மஸ்டர் பாரம் அடித்துக் கொடுத்தால் அங்கிருந்து சில நாள் பிராந்திப் புட்டியும் இறங்கி வரும். அதையும் விடுவதில்லை.

என் கூட்டாளி சுருளிமுத்து. குமுளி ரோட்டில் பஸ் ஓட்டியவன். கிடாவெட்டுக்குப் போனால் இலையில் கொழுப்பாகப் பார்த்துக் கறி போடச் சொல்வான். "பயப்படாம தின்னுய்யா. மேல ரெண்டு மடக்கு ஊத்தினாச் சாராயம் அம்புட்டுக் கொழுப்பையும் கரைச்சுப்புடும்" என்பான். ஊரே அப்படித்தான் நம்பியது. கொதிக்கிற எண்ணெய் மாதிரித் தொண்டையில் இறங்குகிற ஒன்று கொழுப்பைக் கரைக்காமல் வேறென்ன செய்யும் என்று நானும் நம்பினேன். அந்தச் சுருளி கையும் காலும் குச்சியாகி, வயிறு மட்டும் தண்ணீர் கோத்து வீங்கி, நாற்பது வயசில் செத்துப்போனான். அவன் காரியத்தன்று அவனை நினைத்து இன்னும் இரண்டு மடக்குக் குடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த வருஷம் எனக்கு ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் குமட்டல். சோற்றைப் பார்த்தால் வெறுப்பு. வலது விலாவுக்குக் கீழே ஒரு பாரம், யாரோ அங்கே ஈய எழுத்துகளைக் கொட்டி வைத்த மாதிரி. சட்டையின் நடுப் பொத்தான் பூட்டவில்லை. என் மனைவி வள்ளியம்மாள் ஒரு வாரம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "நாளைக்கு டாக்டரம்மாகிட்டப் போறோம்" என்றாள்.

"பொம்பளைக பிள்ள பெறுற எடத்துல எனக்கு என்னடி வேல?"

"சுருளி அண்ணனும் இப்படித்தான் பேசினாக" என்றாள். மறுநாள் அவள் பின்னால் கிளம்பினேன்.

அவருடைய டிஸ்பென்சரி கடைத்தெருவின் கோடியில் இருந்தது. வெளியே நிறைமாதக்காரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே சட்டையைக் கழற்றிவிட்டுப் பெஞ்சில் படுத்தபோது எனக்கு மானம் போனது. கிருபை அம்மாள் குள்ளமான மனுஷி. என்னைவிட நாலைந்து வயசு இளையவர். குரல் மட்டும் தெருக்கோடிக்குக் கேட்கும். கை கழுவும்போது சர்ச்சில் பாடுகிற ஞானப்பாட்டைக் கட்டைக்குரலில் பாடிக்கொண்டே கழுவுவார். ராகம் ஒருநாளும் சேர்ந்ததில்லை.

"மூச்ச நல்லா இழுங்க. விடுங்க. திரும்ப இழுங்க." நான் மூச்சை இழுக்க இழுக்க அவருடைய விரல்கள் என் வயிற்றில் எதையோ எதிர்பார்த்துக் காத்திருந்தன. எதுவோ வந்து அதில் முட்டுவது எனக்கே தெரிந்தது. ஊதாப் பென்சிலைத் தண்ணீரில் நனைத்து, முட்டிய இடத்தில் ஒரு கோடு இழுத்தார். விலாவுக்கும் கோட்டுக்கும் நடுவில் விரல்களை வைத்துப் பார்த்தார்.

"நாலு விரல். ஈரல் இம்புட்டுத் தூரம் கீழ வரக் கூடாது. எம்புட்டுக் குடிக்கிறீக?"

"எப்பவாவதும்மா."

அவர் என்னை விட்டுவிட்டு வள்ளியம்மாளிடம் திரும்பினார். "எப்பவாவதுன்னா உங்க வீட்டுல எந்தக் கிழமை?"

"ஏழு கிழமையும்மா" என்றாள் அவள்.

பிறகு அவர் சொன்னதை நான் ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை. "குடிக்கிறவுக ஈரல் ரெண்டு விதமாக் கெடும். ஒண்ணு கொழுப்பு ஏறி வீங்குறது. மெட்ராஸ்ல படிக்கையில அறுத்துப் பாத்திருக்கேன். செவப்பா இருக்க வேண்டியது வெண்ணெய் கணக்கா மஞ்சளா இருக்கும். கத்தியில பிசுபிசுன்னு ஒட்டும். இன்னொண்ணு, அது தழும்பு விழுந்து சுருங்கிக் கல்லாப் போறது. சுருளிமுத்துக்கு அதுதான். கல்லானது திரும்பாது. கொழுப்பு மட்டும்னா குடிய நிறுத்தினா வடியும்."

"எனக்கு எதும்மா?"

"தொட்டா ஓரம் மெத்துன்னுதான் இருக்கு. ஆனா வயித்தத் தொறந்து பாக்காம சத்தியம் பண்ண மாட்டேன். ஆறு வாரம் ஒரு சொட்டுக் குடிக்காம இருங்க. கோடு மேல ஏறினா அது கொழுப்பு. ஏறலைன்னா..." என்று நிறுத்திக்கொண்டார்.

எனக்குக் கோபம் வந்தது. நெய்யே தொடாதவன், இரண்டு மாதமாகச் சோறும் தின்னாதவன், எனக்கு எங்கிருந்து கொழுப்பு வரும் என்று கேட்டேன். சாராயம் கொழுப்பைக் கரைக்கும் என்ற சுருளியின் சாஸ்திரத்தையும் எடுத்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அச்சாபீஸ்காரரே, கல்யாணப் பத்திரிகை ஓடிட்டு இருக்கு. அப்பப் பாத்து கறுப்புக் கட்டம் போட்ட வேலை ஒண்ணு வருது. என்ன செய்வீக?" என்று கேட்டார்.

"கல்யாணத்த எறக்கி வச்சுட்டு இத ஏத்துவேன்."

"தினமும் மூணு வேளையும் அப்படியே வந்தா?"

கல்யாண வேலையெல்லாம் முடியாமல் வாசல் வரைக்கும் குவிந்து கிடக்கும் என்றேன்.

"அதேதான். உடம்புக்குச் சாராயம் வெஷம். வந்தா ஈரல் மத்த வேலைய எறக்கி வச்சுட்டு அதத்தான் மொதல்ல பாக்கணும். கொழுப்பை எரிக்கிற வேலை, வெளிய அனுப்புற வேலை எல்லாம் நின்னுபோகும். உடம்புல இருக்கிற கொழுப்பு அங்கன வந்து வந்து தங்கிரும். நெய் திங்கணும்னு அவசியமே இல்ல. இதுக்கு மேல உள்ளுக்குள்ள என்னென்ன நடக்குதுன்னு கேட்டீகன்னா எனக்குத் தெரியாது. யாருக்கும் முழுசாத் தெரியாது." தெரியாது என்று சொல்கிற டாக்டரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதனாலேயே மற்றதை நம்பினேன்.

நிறுத்தினேன். முதல் நாலைந்து நாள் வேர்த்து ஊற்றியது, உடம்பு நடுங்கியது, மூன்று முறை அச்சுக்கட்டையைக் கீழே போட்டு எழுத்தையெல்லாம் சிதறடித்தேன். பால், முட்டை, பருப்பு என்று அவர் சொன்னதை எல்லாம் வள்ளியம்மாள் என் வாயில் திணித்தாள். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது கோட்டின் மேல் ஒரு துணியைக் கட்டிவிட்டுச் சுற்றிச் சுற்றிச் சீயக்காய் போட்டாள். புதன்கிழமைதோறும் டிஸ்பென்சரி. இரண்டாவது புதன் கோடு அரை விரல் ஏறியிருந்தது. திரும்பும்போது வழியில் பார்த்தவர்களுக்கெல்லாம் நானாகக் கும்பிடு போட்டேன்.

மூன்றாவது புதன் அது நகரவில்லை. நாலாவது புதனும் நகரவில்லை. ஐந்தாவது புதன் அவர் நெடுநேரம் அழுத்திப் பார்த்தார். போட்ட கோடு மறுபடி இறங்கி முதல் நாள் கோட்டின் மேலேயே போய் விழுந்தது. நாலு விரல். அவர் பாட்டுப் பாடாமல் கை கழுவினார். என்னைச் சட்டை போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு வள்ளியம்மாளை மட்டும் வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

ரகசியம் பேசினாலும் அவர் குரல் ஜன்னல் வழியாகக் கேட்கும் என்று அவருக்குத் தெரியாது. "மனசத் தெடப்படுத்திக்கங்க வள்ளியம்மா. குடிய விட்டும் வடியலைன்னா, கல்லாக ஆரம்பிச்சிருச்சோன்னு பயமா இருக்கு." சட்டைப் பொத்தானில் வைத்த கை அப்படியே நின்றது. நான் சாகப் போகிறேன் என்று முதல் தடவையாகப் புரிந்தது.

வள்ளியம்மாளின் குரல் உடைந்து கேட்டது. "நான் ஒரு நாள் தவறவிடலையேம்மா! நீங்க சொன்ன பாலும் முட்டையும் குடுக்கேன். அது போதாதுன்னு கூடலூர்ல என் தம்பிகிட்டச் சொல்லி, குமுளியில ஒரு வைத்தியர்கிட்ட அரிஷ்டம் வாங்கி, மூணு வாரமா வேளா வேளைக்கு என் கையால ஊத்திக் குடுக்கேன். கரளுக்கு, அதான் ஈரலுக்கு, இதவிட நல்லது இல்லைன்னு அந்த மலையாளத்து வைத்தியர் சொன்னாராமே!"

"அந்தப் புட்டிய எடுத்துட்டு வாங்க" என்றார் டாக்டரம்மா.

வீடு பக்கம்தான். வள்ளியம்மாள் ஓடிப் போய்ப் புட்டியோடு வந்தாள். கிருபை அம்மாள் முகர்ந்து பார்த்தார். ஒரு கரண்டியில் ஊற்றி நாக்கில் வைத்தார். தலைமுறை தலைமுறையாகக் கள் வாடைகூட அறியாத குடும்பம் அவருடையது. முகத்தைச் சுளித்துக்கொண்டு, "இத எப்படிச் செய்வாங்க தெரியுமா? திராட்சையும் வெல்லமும் மருந்துச் சரக்கும் பானையில போட்டு, வாயக் கட்டி, மாசக்கணக்காப் புளிக்க வைப்பாங்க. புளிச்சா என்ன ஆகும்? ஒரு கரண்டி குடிச்சா மருந்து. எம்புட்டுக் குடுக்குறீக?" என்றார்.

"சீக்கிரம் கொணமாகட்டும்னு... காலையில அரை டம்ளர், சாயந்தரம் அரை டம்ளர்."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "ஆத்தாடி, என் கையாலயே ஊத்திட்டேனே!" என்று தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் பார்வை என் மேல் இருந்தது. "குடிக்கையில உங்களுக்குத் தெரியலையா?"

இதை எழுதுவதா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். எனக்குத் தெரிந்தது. முதல் அரை டம்ளர் தொண்டையில் இறங்கும்போதே தெரிந்தது. பழைய சிநேகிதன் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தால் அடையாளம் தெரியாதா? மருந்து என்று மனைவியே கொடுக்கிறாள், நான் என்ன செய்வேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அது மட்டும் இல்லை. மத்தியானம் அவள் கொல்லைப்பக்கம் போனதும் நானாக ஒரு டம்ளர் நிறைய ஊற்றிக் குடித்தேன். புட்டி சீக்கிரம் தீர்கிறதே என்று அவள் தம்பியிடம் பெரிய புட்டியாகக் கேட்டு வாங்கினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் தலையில் அடித்துக்கொள்வதையும் அப்படியே பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. "அவ மேல தப்பு இல்லம்மா. எனக்குத் தெரியும். மத்தியானத்து டம்ளர் நான் ஊத்தினது" என்றேன்.

டாக்டரம்மா திட்டுவார், வெளியே போ என்பார் என்று காத்திருந்தேன். அவர் நெஞ்சில் கையை வைத்து, "அப்பாடா!" என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். "அச்சாபீஸ்காரரே, நீங்க திருட்டுத்தனமாக் குடிச்சது எனக்கு எம்புட்டுச் சந்தோஷமா இருக்கு தெரியுமா! குடிய விட்டும் வடியலைன்னுல்ல நான் பயந்தேன். நீங்க விடவே இல்லையே! அப்ப இன்னும் கொழுப்பாவே இருக்கலாம். புரூஃபுல இருக்கு, திருத்தலாம்." என் திருட்டுத்தனம் ஒருவருக்கு அவ்வளவு நல்ல செய்தியாக இருந்தது அதுதான் முதலும் கடைசியும்.

சிரித்து முடித்ததும் முகம் மாறியது. என்னை நேராகப் பார்த்து, "ஆனா இவுகள ஏமாத்தினீகளே, அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல" என்றார். வள்ளியம்மாளிடம், "தப்பு என் மேலயும் இருக்கும்மா. எம்புட்டுக் குடிக்கிறீகன்னு கேட்டேன். என்னென்ன குடிக்கிறீகன்னு கேக்கல" என்றார். புட்டியை அவரே கொண்டு போய் வாய்க்காலில் ஊற்றினார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வள்ளியம்மாள் என்னோடு பேசவில்லை. பதினோரு நாள் பேசவில்லை. சோறு வைத்தாள், பால் வைத்தாள், கோட்டுக்குத் துணி கட்டினாள். பன்னிரண்டாம் நாள், "இனி எதுன்னாலும் எங்கிட்டச் சொல்லிட்டுக் குடிங்க" என்றாள். "குடிக்க மாட்டேன்" என்றேன். "அதையும் தினமும் சொல்லுங்க" என்றாள். சொன்னேன்.

மறுபடியும் புதன்கிழமைகள். முதலில் கோடு அரை விரல் ஏறியது. ஒரு வாரம் நகராமல் நின்று எங்கள் இருவரின் உயிரையும் வாங்கியது. பிறகு மூன்று விரலாயிற்று, இரண்டாயிற்று. சோறு ருசித்தது. நடுப் பொத்தான் பூட்டியது. ஒன்பதாவது புதன்கிழமை அவர் விரலை வைத்து, மூச்சை இழுக்கச் சொன்னார். மறுபடியும் இழுக்கச் சொன்னார். ஐந்து தடவை இழுத்தேன். அவர் பென்சிலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, "இன்னைக்குக் கோடு போட எடமில்ல. விலாவுக்குள்ள ஏறிருச்சு. கல்லு இல்ல வள்ளியம்மா, அம்புட்டும் கொழுப்புதான். வடிஞ்சிருச்சு" என்றார். கை கழுவப் போனார். பாட்டும் ஆரம்பித்தது.

வெளியே வந்து வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். அவ்வளவு சுகமாக நான் அழுததே இல்லை. பக்கத்தில் இருந்த ஒரு நிறைமாதக்காரி என்னைப் பார்த்துவிட்டு வள்ளியம்மாளிடம், "என்ன பிள்ளக்கா பெறந்திருக்கு?" என்று கேட்டாள். வள்ளியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் காட்டி, "இந்தா, இவுகதான்" என்றாள்.

அடுத்த மாதம் அவர் என்னிடம் ஒரு அட்டை அடிக்கச் சொன்னார். இருந்ததிலேயே பெரிய மர எழுத்தை எடுத்துக் கோத்தேன். "வாயில் ஊற்றிக்கொள்வது எல்லாவற்றையும் சொல்லவும், மருந்து உட்பட." தன் பிழையை இப்படி எல்லார் கண்ணிலும் படும்படி சுவரில் மாட்டிக்கொண்டவர் அவர். அதற்குப் பிறகு ஆம்பிளைகளும் அந்தப் பெஞ்சுக்கு வர ஆரம்பித்தார்கள். வந்த எல்லாரும் பிழைத்துவிடவில்லை. கல்லாகிப் போனவர்களுக்கு அவர் வயிற்றில் கோத்த நீரை எடுத்தார், பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், பொய் மட்டும் சொன்னதில்லை. இப்போது சர்க்கார் சாராயக் கடைகளை எல்லாம் மூடிவிட்டது. என் கணக்கில் அவர் அதற்குப் பத்து வருஷம் முந்திக்கொண்டார்.

இருதயம் படுத்தவே, இரண்டு வருஷத்துக்கு முன் டிஸ்பென்சரியை விட்டுவிட்டுத் தம்பி வீட்டுக்குப் போனார். போன மாதம் நானும் வள்ளியம்மாளும் போடிக்குப் போய்ப் பார்த்தோம். தலையணையில் சாய்ந்திருந்தார். குரல் மட்டும் அப்படியே இருந்தது. "படுங்க, பாப்போம்" என்றார். நோயாளி நீங்கள்தானே என்றேன். கேட்கவில்லை. கட்டிலோரம் கிடந்த பெஞ்சில் படுத்தேன். விரலை வைத்து அழுத்தப் பார்த்தார். அழுத்த முடியவில்லை. பிறகு என் வலது கையை எடுத்து, என் விலாவுக்குக் கீழே விரல்களைப் படிய வைத்து, "எனக்குக் கையில தெம்பு இல்ல. இனிமே நீங்களே பாத்துக்கங்க. மூச்ச இழுங்க" என்றார்.

இழுத்தேன்.

"என்ன தட்டுப்படுது?"

"ஒண்ணும் இல்லம்மா."

"அதுதான் வேணும்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை நூற்றைம்பது தாளையும் கட்டிக் கொடுத்து அவர் தம்பியைப் பஸ் ஏற்றிவிட்டு, அச்சாபீஸ் கதவைச் சாத்திவிட்டுப் பெஞ்சில் படுத்தேன். அவர் காட்டிக் கொடுத்த இடத்தில் விரலை வைத்து மூச்சை இழுத்தேன். இன்னும் ஒரு தடவை இழுத்தேன். டாக்டரம்மா, உங்களிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இதுதான். ஒன்றும் தட்டுப்படவில்லை.